மாமா கேட்ட மூச்சு

2024 நவம்பர் 1, வெள்ளி. மண்டூர்

தீபாவளி கழிந்து ஒரு நாள். பெட்டி பாதி கட்டியபடி கிடக்கிறது. நாளை இரவு கொழும்பிலிருந்து மெல்பேர்ணுக்கு விமானம், தங்கச்சி வீட்டுக்கு. அதற்கு முன் மாமாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தாய்மாமனிடம் சொல்லாமல் தூரப் பயணம் கிளம்புவதில்லை.

கல்லடியில் பஸ் ஏறிக் குருமண்வெளியில் இறங்கி, பாதையில் வாவியைக் கடந்தேன். வெளியூர்க்காரருக்காக ஒரு வார்த்தை: பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவையை. மழைக்காலம் தொடங்கிவிட்டது. வாவி கலங்கி மண் நிறத்தில் இருந்தது. அக்கரையில் பெரும்போக விதைப்பு முடிந்த வயல்கள் பச்சை பிடிக்க ஆரம்பித்திருந்தன.

மாமாவுக்கு 74 வயது. 1970இல் வேலை தேடிக் கொழும்புக்குப் போய், புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் கணக்கெழுதினார். 1983 ஜூலைக் கலவரத்தோடு உடுத்த உடுப்புடன் ஊர் வந்து சேர்ந்தார். அந்தப் பதின்மூன்று வருடமும் அவர் ரேஸ் விளையாடினார். ஒரு குதிரையைக்கூட நேரில் பார்க்காமல் விளையாடினார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பிடிபடாத விஷயம். இலங்கையில் 1956இல் ஆட்சி மாறியதும் குதிரைப் பந்தயம் நிறுத்தப்பட்டுவிட்டது. 1981இல்தான் நுவரெலியாவில் திரும்பத் தொடங்கினார்கள். ஆகவே மாமா காசு கட்டியதெல்லாம் இங்கிலாந்தில் ஓடிய குதிரைகளின் மேல். பந்தயக் காசு வாங்கும் புக்கிக் கடையில் ரேஸ் தாளைப் பார்த்து, பெயரைத் தெரிந்து, துண்டு எழுதிக் கொடுப்பார். அங்கே பின்னேரம் ஓடினால் இங்கே இரவாகிவிடும். புடவைக்கடையைப் பூட்டிவிட்டு வந்து, முடிவு வரும்வரை புக்கிக் கடை வாசலில் நிற்பார். முடிவு கரும்பலகையில் சோக்கால் எழுதப்படும்.

களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று நாங்கள் சொல்வதுபோல அவர் எப்சம், அஸ்கொட், நியூமார்க்கெட், ஏன்ட்ரீ என்று இங்கிலாந்தின் பந்தய ஊர்களைச் சொல்வார். 1970இல் டேர்பிப் பந்தயத்தை நிஜின்ஸ்கி என்ற குதிரை வென்றதும், 1973, 1974, 1977 ஆகிய மூன்று வருடமும் கிராண்ட் நஷனல் பந்தயத்தை ரெட் ரம் என்ற குதிரை வென்றதும் அவருக்குப் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் மாதிரி. சின்ன வயதில் நான் அவர் மடியில் இருந்து கேட்ட கதைகளில் அரைவாசி இவைதான்.

மாமிக்கு இந்தக் கதைகளில் பங்கில்லை. அவவின் சீதன வயலில் இரண்டு ஏக்கர் 1979இல் ஈட்டுக்குப் போய், மீளாமலே போய்விட்டது. பாதைத்துறையில் இருந்து வீட்டுக்கு நடக்கும் வழியில்தான் அந்த வயல். இன்றைக்கும் யாரோ விதைத்திருக்கிறார்கள்.

மெல்பேர்ண் கப் குதிரைப் பந்தயத்தன்று நான் அங்கே நிற்பேன், தங்கச்சி டிக்கெட் எடுத்துவிட்டாள் என்று சொன்னதும் மாமா சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“ஓடக்குள்ள அதுர மூச்சுச் சத்தம் கேக்குமாகா? பேத்தி போன்ல ஒருக்கா காட்டினவள். அதுக்குள்ள ஒருத்தன் கத்துறதுதான் கேக்கிது. குதிர மூச்சு விடுறது கேக்கல்ல. நீ கிட்ட நிண்டு கேட்டுத்து வந்து சொல்லு.”

மாமி குசினிக்குள் இருந்தபடியே சொன்னா: “நீ அங்க போய் ஒரு சதமும் வெக்காத.”

இருவருக்கும் சரி என்றேன்.

நவம்பர் 2, சனி. கொழும்பு

உதயதேவி ரயிலில் வந்தேன். வாழைச்சேனை, வெலிக்கந்தை, பொலன்னறுவை, கல்லோயாக் காடு. பாதி வழி தூக்கம்.

விமானத்துக்கு இரவுவரை நேரம் இருந்ததால், பெட்டியைத் தெரிந்தவர் வீட்டில் வைத்துவிட்டுப் பழைய ரேஸ் கோர்ஸைப் பார்க்கப் போனேன். மாமாவின் கொழும்பில் அது பூட்டிக்கிடந்த இடம். 1893 முதல் குதிரைகள் ஓடிய மைதானம் இப்போது ரக்பி விளையாடும் புல்தரை. பார்வையாளர் மாடத்தின் கீழே கடைகளும் கோப்பிக் கடைகளும் வந்துவிட்டன. மரப்படிகள் ஏறிப் போகும் உயர்ந்த கூரை மட்டும் அந்தக் காலத்தைச் சொல்கிறது.

இரண்டாம் உலகப் போரில் இந்த மைதானத்தை விமான ஓடுபாதை ஆக்கினார்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது இங்கிருந்தும் ஹரிகேன் விமானங்கள் எழும்பின. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9, எங்கள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தார்கள். கூட வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் அதே நாளில் மூழ்கியது. கல்லடியில் சுழியோடிகள் வெள்ளைக்காரரைப் படகில் கூட்டிப்போவது ஹேர்மிஸைக் காட்டத்தான். ரேஸ் கோர்ஸ் புல்லில் நிற்கும்போது ஊர்க் கடல் ஞாபகம் வந்தது இதனால்.

மாமாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “இந்த மதிலால நான் நூறு தரம் நடந்திரிப்பன்” என்று குரல் பதிவு வந்தது.

நவம்பர் 4, திங்கள். மெல்பேர்ண்

நேற்றுப் பின்னேரம் வந்து இறங்கினேன். தங்கச்சி குடும்பம் இருப்பது டண்டினோங் பக்கம். சந்தைக்குப் போனால் முருங்கைக்காய், கீரைக்கட்டு, எங்கள் பேச்சு எல்லாம் கிடைக்கிறது. வசந்தகாலம் என்கிறார்கள். எனக்குக் காலையில் நுவரெலியாக் குளிர்.

இன்றைக்கு மெல்பேர்ண் அருங்காட்சியகத்தில் ஃபார் லாப்பைப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் செம்பழுப்புக் குதிரை. தோல் மட்டும்தான் அசல், உள்ளே இருப்பது பாடம் செய்தவர்களின் வேலை. எலும்புக்கூடு நியூசிலாந்தில் இருக்கிறது, இதயம் கன்பராவில். அந்த இதயத்தின் எடை 6.2 கிலோ, சாதாரணக் குதிரையின் இதயத்தைவிட மிகப் பெரியது என்று மருமகன் சொன்னான். ஒரு குதிரையை மூன்று நகரங்களில் வைத்துப் பார்க்கிற அளவுக்கு இந்த மக்களுக்கு அதன்மேல் பாசம்.

நியூசிலாந்தில் 1926இல் பிறந்தது. பெயருக்குத் தாய்லாந்து மொழியில் மின்னல் என்று அர்த்தம். 51 ஓட்டங்களில் 37 வெற்றி. 1930இல் மெல்பேர்ண் கப்பை வென்றபோது அதன்மேல் ஏற்றிய பாரம் 62.5 கிலோ. அடுத்த வருடம் 68 கிலோ ஏற்றினார்கள். எட்டாவதாக வந்தது. 1932இல் கலிபோர்னியாவில் திடீரென்று செத்துப்போனது.

இந்தப் பாரக் கணக்கை மாமா எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார். மெல்பேர்ண் கப், கிராண்ட் நஷனல் மாதிரியான பந்தயங்களில் நன்றாக ஓடுகிற குதிரைக்குப் பாரம் கூட, சுமாராக ஓடுகிறதுக்குக் குறைவு. எல்லாம் ஒரே கோட்டில் வந்து முடிய வேண்டும் என்பது எண்ணம். குதிரை ஏறி ஓட்டும் ஜொக்கியின் உடம்பு எடை போதாவிட்டால் சேணத்துப் பையில் ஈயத் தகடு வைப்பார்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஜொக்கி சேணத்தோடு தராசில் ஏறி நிற்க வேண்டும். “கெட்டிக்காரனுக்குத்தான் மூட்டை கூட” என்பார் மாமா, மூட்டை தூக்கும் நாட்டாமைகளைப் பார்த்துக்கொண்டே புறக்கோட்டையில் நடந்த மனிதர்.

பெட்டியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தேன். மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் சின்ன மயிர்கள்கூட அப்படியே இருக்கின்றன.

நவம்பர் 5, செவ்வாய். பிளெமிங்டன்

நவம்பர் முதல் செவ்வாய் மெல்பேர்ணில் அரசு விடுமுறை. ஒரு குதிரை ஓட்டத்துக்காக ஒரு நகரமே வேலையை நிறுத்துகிறது, அதுவும் 1877இலிருந்து. பந்தயம் தொடங்கியது 1861இல்.

நான் மருதமுனைக் கைத்தறிச் சேலை உடுத்தேன், மஞ்சளில் மெரூன் கரை. இன்றைய நாளின் பூ மஞ்சள் ரோஜா என்று தங்கச்சி முன்பே சொல்லியிருந்தாள். டண்டினோங்கில் ரயில் ஏறினோம். எதிர் இருக்கையில் மூன்று பெண்கள் இறகு வைத்த தொப்பியோடு. ஒருத்தி என் சேலைக் கரையைத் தொட்டுப் பார்த்து, எங்கே நெய்தது என்று கேட்டாள். கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு ஊர் என்றேன். ஊரின் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பழகினாள். ஃபிளின்டர்ஸ் தெரு நிலையத்தில் மாறி, நேரே பிளெமிங்டன் பந்தய மைதானத்துக்குள் போய் நிற்கும் ரயிலைப் பிடித்தோம். தங்கச்சி கட்டிக்கொண்டு வந்த மீன் ரோல்ஸ் அதற்குள் முடிந்துவிட்டது.

உள்ளே போனதும் முதலில் ரோஜாவைத்தான் பார்த்தேன். ஆயிரக்கணக்கில். பிறகு மனிதர்கள். மாமாங்கத் தீர்த்தத்தன்று அமிர்தகழியில் நிற்கிற சனத்தைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லோர் தலையிலும் தொப்பி.

ஓட்டம் மூன்று மணிக்கு. அன்று வேறு ஓட்டங்களும் உண்டு. அவற்றை நான் சரியாகப் பார்க்கவில்லை. குதிரைகளைச் சேணம் கட்டிச் சுற்றி நடத்தும் முற்றத்தின் வேலியோரத்திலேயே நின்றுவிட்டேன். அங்கே ஒரு கை நீட்டும் தூரத்தில் குதிரை போகிறது.

என்ன சொல்வது. நாங்கள் மாடு பார்த்து வளர்ந்தவர்கள். எருமை பார்த்தவர்கள். குதிரையின் தோல் அப்படி இல்லை. கழுத்தில் ஒரு நரம்பு தோலுக்கு மேலே வந்து கிளை பிரிந்து ஓடுகிறது, ஆற்றுப் படம் வரைந்த மாதிரி. ஒரு ஈ இருந்தால் அந்த இடத்துத் தோல் மட்டும் தனியாகச் சிலிர்க்கிறது. பின்னங்கால்கள் உரசும் இடத்தில் வியர்வை சவர்க்கார நுரைபோல வெள்ளையாகத் திரண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே கால் என் மணிக்கட்டைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. அரைத் தொன் உடம்பு அந்தக் கால்மேல்.

இந்தக் கால்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த நாளை எழுத முடியாது. 2020இல் இதே பந்தயத்தில் அந்தனி வன் டைக் என்ற குதிரை கால் முறிந்து, வேறு வழியில்லாமல் ஊசி போட்டுக் கொல்லப்பட்டது. இங்கிலாந்து டேர்பியை வென்ற குதிரை. 2013 தொடங்கி அதுவரை இப்படிச் செத்தவை பல. அதற்குப் பிறகு விதிகளை இறுக்கியிருக்கிறார்கள். ஓட வரும் குதிரையின் கால்களை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். இந்த வருடம் அயர்லாந்திலிருந்து வந்த ஜான் ப்ரூகல் என்ற குதிரையை மிருக வைத்தியர்கள் ஸ்கேன் பார்த்து ஓட விடவில்லை. அதன் சொந்தக்காரருக்கு நல்ல கோபம் வந்திருக்கும். எனக்கு அந்த வைத்தியர்கள் மேல் மரியாதை வந்தது. இந்தப் பந்தயமே வேண்டாம் என்று சொல்கிறவர்களும் இந்த நகரத்தில் நிறையப் பேர். தங்கச்சியின் மகள் அவர்களில் ஒருத்தி, இன்றைக்கு எங்களோடு வர மறுத்துவிட்டாள். அவளிடம் வாதாட எனக்கு மனம் வரவில்லை. மாமியின் வயல் ஒரு பக்கம், இந்தக் கால்கள் ஒரு பக்கம் என்று என்னிடமும் இரண்டு காரணங்கள் இருந்தன. ஆனாலும் நான் வந்தேன். பார்க்க ஆசையாக இருந்தது. மாமா கேட்டதும் இருந்தது.

இரண்டே முக்காலுக்கு வெளிவேலிக்குப் போய் இடம் பிடித்தோம். ஊரில் ஒன்பதேகால். வட்ஸ்அப்பில் மாமாவை எடுத்தேன். பேத்தி போனைப் பிடித்துக்கொள்ள, அவர் முகம் முழுவதும் திரையில். சவரம் செய்து, வெள்ளைச் சேட் போட்டிருந்தார்.

3200 மீட்டர் ஓட்டம் இந்த மைதானத்தில் எப்படி வருகிறது என்பது முக்கியம். ஒரு சுற்று 2312 மீட்டர். அதனால் நேர்ப் பாதையின் தொலைவில் புறப்பட்டு, மாடத்துக்கு முன்னால் ஒரு தரம் கடந்து, முழுச் சுற்றுச் சுற்றி, இரண்டாம் தரம் அதே இடத்தில் முடிக்கிறார்கள். வேலியோரத்தில் நிற்கிறவர் குதிரைகளை இரண்டு தரம் பார்க்கலாம்.

குதிரைகள் புறப்படும் கதவு திறந்தது தெரியவில்லை, சனத்தின் சத்தத்தில்தான் தெரிந்தது. முதல் தரம் கடந்தபோது அவை இன்னும் ஒன்றாகக் கூட்டமாக இருந்தன. சத்தத்துக்கு முன்பே நிலத்தில் ஒரு அதிர்வு வந்தது. செருப்பின் அடியால் ஏறி முழங்கால்வரை. எங்கள் கல்லடியில் பறுவ நிலவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்கள். அந்த மாதிரி, காதுக்கு வராத ஒன்று வேறு வழியால் வந்தது. பிறகு குளம்புகள். பிறகு வண்ணச் சட்டைகள் ஒரு கீற்றாக. போய்விட்டன.

போனை வேலிக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தேன். “கேட்டுதா மாமா?” என்றேன். திரையில் அவர் முகம் உறைந்து நின்றது. வாய் பாதி திறந்தபடி. இத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் போனில் இருந்தால் இணைப்பு எப்படி நிற்கும்? திரும்ப எடுத்தேன், போகவில்லை. திரும்ப எடுத்தேன். அதற்குள் அவை தூரத்துத் திருப்பத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தன.

அழைப்பை விட்டுவிட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். கடைசி நேர்ப் பாதை 450 மீட்டர். அதில் அவை எங்களை நோக்கி வந்தபோது என்னைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் கத்தினார்கள். தங்கச்சி கத்தினாள். நானும் கத்தியிருக்கிறேன், பதிவில் இருக்கிறது. குதிரைகளின் சத்தம் ஒரு துளி இல்லை.

மூக்கு நுனி வித்தியாசத்தில் முடிந்தது. படத்தைப் பார்த்து முடிவு சொல்லும்வரை எல்லோரும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வென்றது நைட்ஸ் சொய்ஸ். ஜப்பானிலிருந்து வந்த வார்ப் ஸ்பீட் இரண்டாவது. நைட்ஸ் சொய்ஸ் வெல்லும் என்று நினைத்தவர் அநேகமாக யாருமில்லை. ஒரு டொலர் கட்டினால் தொண்ணூறளவில் கிடைக்கும் குதிரை. தகப்பன் குறுந்தூர ஓட்டக்காரன், மகனால் இரண்டு மைல் தாங்க முடியாது என்று தாளில் எழுதியிருந்தார்கள் என மச்சான் சொன்னார். குயின்ஸ்லாந்தில் ஒரு கணவனும் மனைவியும் பயிற்றிய குதிரை. அந்த மனைவி ஷீலா லக்சன், 2001இலும் இதே கப்பை வென்றவர், அப்படி வென்ற முதல் பெண் பயிற்சியாளர். ஏறிய ஜொக்கி ரொபி டோலன் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் பாடியவராம்.

எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வயதானவர் தன் பந்தயத் துண்டை இரண்டாகக் கிழித்தார். பிறகு அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நாலாகக் கிழித்தார். எறியவில்லை, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். பந்தயம் முடிந்து பத்து நிமிடத்தில் புல்தரை முழுவதும் வெள்ளைத் துண்டுகள். மாமாவின் பதின்மூன்று வருடத்தையும் சேர்த்துப் போட்டால் எவ்வளவு இருக்கும் என்று நினைத்தேன்.

அந்த ஓட்டத்தில் எந்தக் குதிரையும் விழவில்லை. அதை நின்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வெளியே வந்தோம்.

இரவு மாமாவுக்கு எடுத்தேன். “பேரைச் சொன்னாங்கள், கேட்டன்” என்றார். “மறுகா ஒண்டும் கேக்கல்ல.”

நவம்பர் 7, வியாழன். கிரான்போர்ண்

நேற்று எழுத ஒன்றும் இல்லை, மழை.

தங்கச்சி வீட்டுக்குத் தெரிந்த ஒரு பையன், திருக்கோவில் பக்கத்தவன், படிக்க வந்தவன், விடியப்புறங்களில் ஒரு குதிரை லாயத்தில் வேலை செய்கிறான். என் கதையைக் கேட்டதும், “அன்ரி, ரேஸ்ல மூச்சுச் சத்தம் கேக்காது. வேலை ஓட்டத்துக்கு வாங்க” என்றான். கிரான்போர்ணில் பெரிய பயிற்சி மைதானம் இருக்கிறது, எங்களிடமிருந்து கிட்டத்தான். காலை நாலரைக்கு மச்சான் காரில் கூட்டிப்போனார். நல்ல இருட்டு. லாயத்துக்காரரிடம் பையன் முன்பே சொல்லி வைத்திருந்தான்.

அவன் மூன்று மணிக்கே எழும்பி வந்து சாணம் அள்ளி, வைக்கோல் மாற்றி, தண்ணீர் வைத்துவிடுவானாம். கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவிச் சூடு பார்ப்பானாம். ஒரு இடம் மற்ற இடத்தைவிடச் சூடாக இருந்தால் அன்றைக்கு அந்தக் குதிரைக்கு ஓட்டம் இல்லை. என் கையைப் பிடித்து ஒரு குதிரையின் முன்னங்காலில் வைத்தான். முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது, எலும்பும் நரம்பு நாரும் தோலும்தான் என்றான். விரலை ஓட்டினால் நார் கயிறுபோலத் தெரிந்தது. குதிரை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. சூடான மூச்சு என் தோளில் பட்டது. புல்லும் வெல்லப் பாகும் கலந்த மணம்.

மூச்சைப் பற்றி அவன் சொன்னதைத்தான் மாமாவுக்காகக் கவனமாக எழுதி வைத்தேன். குதிரைக்கு வாயால் மூச்சு விட முடியாது, மூக்கால் மட்டும்தான். அதுவும், பாய்ந்து ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு. உடம்பு முன்னுக்குச் சரியும்போது குடல் எல்லாம் முன்னால் தள்ளி, நுரையீரலை அமுக்கி, மூச்சு வெளியே வருகிறது. உடம்பு எழும்பும்போது மூச்சு உள்ளே போகிறது. கால் எத்தனை தரமோ மூச்சும் அத்தனை தரம். அதை மாற்ற அதனால் முடியாது.

பாதையோர வேலியில் நின்றோம். ஐந்து பேர், ஒரு நாய். ஆட்கள் யாரும் கத்தாத இடம். தூரத்தில் ஒரு குதிரை வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்தது. மரம் அறுக்கிற வாள் மாதிரி. ஹுர். ஹுர். ஹுர். கிட்ட வர வர அதற்குள் குளம்பு விழுவதும் சேர்ந்துகொண்டது, இரண்டும் ஒரே தாளம். எங்களைக் கடந்தபோது மூக்கிலிருந்து வந்த வெள்ளைப் புகை அதன் முகத்தைத் தாண்டிப் பின்னால் போனது. ஏறியிருந்தவன் மெல்ல ஏதோ பேசிக்கொண்டு போனான். பிறகு சத்தம் சின்னதாகி, திருப்பத்தில் காற்றோடு கொஞ்சம் திரும்பி வந்து, அப்புறம் இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சான் குளிரால் என்று நினைத்திருப்பார். போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்ததால் மூக்கை உறிஞ்சக்கூட இல்லை.

46 விநாடி வந்திருக்கிறது.

நவம்பர் 20, புதன். மண்டூர்

இடையில் இருந்த நாட்களைப் பற்றித் தனியே எழுதுகிறேன். கன்பராவுக்குப் போக முடியவில்லை, அந்த இதயத்தைப் பார்க்கவில்லை என்பது ஒரு குறை.

இன்று காலை மழை விட்ட நேரம் பார்த்துப் பாதையில் ஏறினேன். வாவி இரண்டு படி ஏறியிருக்கிறது. மாமா வாசலில் குடையோடு நின்றார்.

ஃபார் லாப்பின் படத்தையும், நைட்ஸ் சொய்ஸ் முற்றத்தில் நடக்கும் படத்தையும் காட்டினேன். பார்த்தார். ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று பையன் சொன்னதைச் சொன்னேன். “அப்ப மூச்சு வாங்கவும் அதுக்கு நிக்க ஏலாதா?” என்று கேட்டார். ஏலாது என்றேன்.

பதிவைப் போட்டுப் போனை அவர் காதோடு வைத்தேன். முதல் தரம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு இடக்காது கொஞ்சம் மந்தம். போனை வாங்கித் திண்ணைப் பலகையில் கவிழ்த்து வைத்து, குனிந்து, வலக்காதைப் பலகையில் வைத்துக்கொண்டார். “திரும்பப் போடுகா.”

போட்டேன். பலகைக்குள் வாள் அறுப்பது எனக்கும் கேட்டது. அவருடைய கைவிரல் திண்ணையில் அதே தாளத்துக்குத் தட்டியது.

மாமி குசினி வாசலில் வந்து நின்றா. கையில் தேங்காய்ப் பாதி. முழுவதும் முடியும்வரை நின்றுவிட்டு என்னிடம் கேட்டா: “ஓடின குதிரையளுக்கு ஒண்டும் ஆகல்லையே?”

இல்லை மாமி என்றேன். அந்த ஓட்டத்தில் ஒன்றும் விழவில்லை.

“நீ காசு?”

“ஒரு சதமும் வைக்கல்ல.”

தேங்காயைத் திருவப் போய்விட்டா. மாமா பலகையில் இருந்து தலையை எடுக்காமல் விரலைக் காட்டினார், இன்னொரு தரம் போடும்படி.